கொங்கிறீட் வீட்டுக்குக் கிடுகு

உடுப்பிட்டியில் கொங்கிறீட் கூரைக்கு மேல் பின்னின தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது என்னுடையது. வழி தெரியாமல் வருகிறவர்களுக்கு ஊரார் இப்போது அதைத்தான் அடையாளம் சொல்கிறார்கள். சொல்லட்டும். முப்பத்துநான்கு வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு முதுகுக்குப் பின்னால் கேட்கும் சிரிப்பு ஒன்றும் புதிதில்லை.

இது என் சீதன வீடு. அம்மாவுக்கு அவருடைய அம்மா கொடுத்தது, எனக்கு அம்மா எழுதித் தந்தது. அப்போது ஓட்டு வீடு. முகடு உயரம், ஓட்டு இடுக்கால் சூடு தன்பாட்டில் போய்விடும். கனடாவில் இருக்கும் அண்ணைதான் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வந்து நின்று, "ஒழுங்கையிலை எல்லாரும் கொங்கிறீட் போட்டிட்டினம், எங்கடை மட்டும் ஓட்டு வீடு" என்று தொடங்கினார். முழுப் பழியையும் அவர் தலையில் போட்டால் என் நாக்கு அழுகிவிடும். நானும் தலையாட்டினேன். தலையாட்டினது மட்டுமா, கொங்கிறீட் போட்ட அன்றைக்கு ஒழுங்கை முழுவதற்கும் தேத்தண்ணியும் பலகாரமும் கொடுத்துப் பெருமைப்பட்டேன். படித்த மனுசி, அந்தச் சீமெந்துத் தட்டு வெயிலை என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

மேலே ஒரு மாடியும் எழும்பும் என்று தூண்களின் கம்பிகளை இடுப்பளவுக்கு நீட்டி விட்டிருந்தார்கள். மாடி எழும்பவில்லை. கம்பி துருப்பிடித்து நின்றது.

என் மனிசன் நடமாடித் திரிந்த காலத்தில் சூடு பெரிதாகத் தெரியவில்லை. பின்னேரம் ஆனதும் இருவரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவோம். நான்கு வருடத்துக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போய்விட்டது. ஒரேயொரு சொல் மட்டும் மிஞ்சியது: "ஓம்." பசிக்கிறதா என்றாலும் ஓம், போதுமா என்றாலும் ஓம். கண்ணைப் பார்த்துத்தான் எந்த ஓம் என்று நான் கண்டுபிடிப்பேன்.

படுக்கையில் இருக்கிறவருக்கு வீடு என்றால் தலைக்கு மேலே இருக்கிற கூரைதான். பகல் முழுவதும் குடித்த வெயிலை அந்தத் தட்டு பின்னேரம் தொடங்கி அவர் மேல் கொட்டியது. காற்று விழுந்த நாட்களில் அறைக்குள் நிற்கவே முடியாது. முதுகெல்லாம் வேர்க்குரு. மந்திகை ஆஸ்பத்திரி டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "அம்மா, முதுகைக் காய்ஞ்சபடி வச்சிருங்கோ. படுக்கைப் புண் வந்திட்டால் இவரைக் காப்பாத்துறது கஷ்டம்" என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு கவலை கிடையாது. அந்த முதுகு காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணை ஏசி பூட்ட ஒழுங்கு செய்தார். குளிரில் என் மனிசனின் விழுந்த கை மரக்கட்டையாக இறுகியது. யன்னலைச் சாத்தினால் கண்ணீர் விட்டார். தபாற்கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர், ஒழுங்கையில் போகும் குரலை வைத்தே ஆளைச் சொல்லுகிறவர். அந்தச் சத்தத்தையும் பறித்துவிட்டு உயிரோடு வைத்திருந்து என்ன செய்ய? ஏசியை நிறுத்தினேன். யாரோ சொன்னார்கள் என்று ஈரச்சேலையை யன்னலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். இந்தக் கடற்காற்றுப் புழுக்கத்தில் அது காய்வதாவது! அறை இன்னும் அவிந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் அவருடைய முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது எரிச்சல் வந்து அண்ணாந்து பார்த்தேன். சூடு வருவது மேலிருந்து. அப்படியென்றால் மறைக்க வேண்டியதும் மேலே. இவ்வளவு சின்னக் கணக்குக்கு எனக்கு மூன்றரை வருடம் பிடித்தது.

சாவகச்சேரிப் பக்கமிருந்து ஒரு லான்ட்மாஸ்டர் உழவுமெசின் பெட்டி நிறையக் கிடுகு இறக்கினேன். வேலி அடைக்கத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வேலைக்கு வந்த இருவரும் கிடுகை மேலே ஏற்றச் சொன்னதும் என் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணையின் மாடிக்காக நின்ற கம்பிகளில் இடுப்பளவு உயரத்துக்குப் பனஞ்சலாகைகளைக் குறுக்கே கட்டுவித்தேன். அதன்மேல் கிடுகு. தட்டுக்கும் கிடுகுக்கும் இடையில் காற்று தாராளமாக ஓடியது. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் சாப்பிட்ட கையோடு நித்திரையாகிவிட்டார். இரண்டு கிழமையில் பூசின எந்தப் பவுடர்மாவுக்கும் அடங்காத வேர்க்குரு உதிர்ந்தது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஊருக்கு அது பகிடி. "என்ன ரீச்சர், மேல்மாடி எழும்பீட்டுது போல?" என்று எதிர்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் கேட்டார்.

"ஓம், குடிபூரலுக்குச் சொல்லுறன், கட்டாயம் வாங்கோ" என்றேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் அந்த ஆவணியில் அண்ணை வந்தார். அவருடைய மகளுக்குக் கலியாணம். தேவாலயத்தில் ஆராதனை, விருந்து எங்கள் வளவில். ஊர் முறைப்படி ஓலைப் பந்தல்தான் வேண்டும் என்று பெண் கனடாவிலிருந்தே சொல்லியிருந்தாள். வாழை, தோரணம், எல்லாம். வந்து இறங்கிய அண்ணை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன பிள்ளை உது? மாட்டுக்கொட்டில் மாதிரி."

"அவருக்கு வெக்கை அண்ணை."

"ட்ரோன் விட்டுப் படம் எடுக்கப் போகினம். மேலையிருந்து உதுதான் முதல் தெரியும். அங்கை சனம் என்ன நினைக்கும்? மூண்டே மூண்டு நாளைக்குக் கழட்டுவம்."

"ஏலாது."

அண்ணை என்னைத் தாண்டி அறைக்குள் போனார். "மச்சான், உந்தக் கிடுகைக் கழட்டட்டே?"

"ஓம்" என்றார் இவர்.

"பாத்தியே, மச்சானே ஓம் எண்டிட்டார்!"

"இப்ப, கழட்டாமல் விடட்டோ எண்டு கேளுங்கோ."

கேட்டார். "ஓம்." அண்ணை வெளியே போனார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை தேவாலயத்தில் பூ அலங்காரத்துக்குப் போய், மத்தியானம் திரும்பி வந்தேன். கூரை மொட்டையாக நின்றது. அறைக்குள் ஓடினேன். இவர் வேர்வையில் தெப்பமாக நனைந்து, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முதுகில் சேட் ஒட்டிக் கிடந்தது.

"பந்தலுக்குக் கிடுகு குறைஞ்சுபோச்சு பிள்ளை" என்றார் அண்ணை, என் முகத்தைப் பார்க்காமல். "இப்ப எங்கை தேடுறது? அதுதான்..."

முற்றத்தில் பார்த்தேன். மணமக்கள் இருக்கப்போகும் மேடைக்கு நேர் மேலே என் கிடுகு. என் கூரையில் இருந்தால் அது மாட்டுக்கொட்டில், முற்றத்துக்கு வந்தால் ஊர்முறை. பந்தல் கட்டிக்கொண்டிருந்த இருவரைக் கூப்பிட்டேன்.

"தம்பியவை, வந்து இந்தக் கட்டிலைப் பிடியுங்கோ."

அவர்கள் அண்ணையைப் பார்த்தார்கள். "அவரை ஏன் பாக்கிறியள்? வீடு என்ரை" என்றேன். கட்டில் வெளியே வந்தது. மேடைக்குப் பக்கத்தில், நல்ல காற்று வரும் இடமாகப் பார்த்துப் போடுவித்தேன்.

"நாளைக்குச் சனம் வரும், பிள்ளை!"

"வரட்டும். என்ரை கிடுகு எங்கை போகுதோ அங்கை அவரும் போவார்."

கலியாணம் அப்படித்தான் நடந்தது. இவருக்கு வெள்ளைச் சேட் போட்டு, தலைவாரி, காலடியில் ஒரு பூச்சாடியும் வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் முதலில் அவரிடம் போய்க் கையைப் பிடித்தார்கள். ஊர் முழுவதையும் அவர் நான்கு வருடத்துக்குப் பிறகு கண்ணால் கண்டார். மணமகள் கட்டில் ஓரத்தில் வந்து குந்தி, "மாமா, உங்களோடை ஒரு படம் எடுக்கட்டே?" என்று கேட்டாள். அந்த ஓம் எந்த ஓம் என்று நான் கண்டுபிடிக்க வேண்டி இருக்கவில்லை.

ட்ரோன் படத்தை மறுநாள் எல்லோருமாக இருந்து பார்த்தோம். வாழையும் ஓலைப் பந்தலும் வடிவாக இருந்தன. அதற்குப் பின்னால் கறுத்துப்போன மொட்டைத் தட்டும், எழும்பாத மாடியின் துருக்கம்பிகளும் திரை நிறைய நின்றன. கிடுகு இருந்திருந்தால் அவ்வளவையும் மறைத்திருக்கும். அண்ணை அந்த இடம் வரும்போதெல்லாம் செருமினார்.

பந்தல் பிரித்ததும் மத்தியானம் என்றும் பாராமல் அண்ணையே கிடுகை அள்ளிக்கொண்டு வெறுங்காலோடு மேலே ஏறினார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அரைவாசியை அங்கேயே போட்டுவிட்டு, காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு படியால் இறங்கி ஓடிவந்தார்.

"காலே வைக்கேலாமல் கிடக்குது பிள்ளை, தோல் உரிஞ்சிடும் போல."

"அதுக்குக் கீழைதான் அண்ணை அவர் படுத்திருக்கிறவர்" என்றேன்.

அண்ணை படியில் குந்தி உள்ளங்காலைத் தடவினார். பிறகு வாசலில் கிடந்த என் மனிசனின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி மேலே ஏறினார்.