பொட்டு வைத்த கம்ப்யூட்டரும் கையால் எழுதிய ரிப்போர்ட்டும்

மூன்று வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை சமயத்தில் நடந்தது இது. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு சிறிய நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். ரத்தப் பரிசோதனை செய்யும் லேப்களில் ரிப்போர்ட் அச்சடித்துத் தரும் சாஃப்ட்வேர். எழுதுவது, கட்டி அனுப்புவது, யாராவது போனில் திட்டினால் வாங்கிக்கொள்வது எல்லாம் நானே.

கட்டி அனுப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை. நாம் எழுதுவது பாதிதான். மீதிக்கு, வேறு யாரோ எழுதி வைத்திருக்கும் நிரல்களை எடுத்துக்கொள்வோம். அவற்றை லைப்ரரி என்போம். சாஃப்ட்வேரோடு அவற்றையும் மறக்காமல் சேர்த்து அனுப்ப வேண்டும். என் லேப்டாப்பில் எல்லாமே ஏற்கெனவே இருப்பதால், ஒன்றைச் சேர்க்க மறந்தாலும் ஜம்மென்று ஓடும்; தப்பு தெரியவே தெரியாது. அதற்காகவே எதையும் ஏற்றாத ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தனியாக வைத்திருக்கிறேன். அதில் ஓடினால்தான் வெளியே அனுப்புவேன்.

அன்று சாயங்காலம் புதிய பதிப்பைக் கட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், அந்தக் கம்ப்யூட்டர் மேசையில் இல்லை. சாமி படத்துக்கு முன்னால், அரிவாள்மனைக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே, சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. "நாளைக்குக் காலையில கும்பிட்டுட்டுத்தான் எடுக்கணும். அதுக்கும் ஒரு நாளு லீவு குடுங்க" என்றாள் மனைவி. ஆபீஸ் சொத்து என்று சொல்லி லேப்டாப்பை மட்டும் நான் தப்பிக்க வைத்திருந்தேன். பொறுமைக்கும் எனக்கும் வெகு தூரம். லேப்டாப்பில் நன்றாகத்தானே ஓடுகிறது, அங்கே போய் ஓடாமலா இருக்கும் என்று, வழக்கம்போல முதலில் ஒரு லேப்புக்கு மட்டும் அனுப்பிவிட்டேன். காலையில் தைரியமாக ஏற்றிக்கொள்ளுங்கள் என்று மெசேஜ் வேறு.

விஜயதசமி காலை ஒன்பது மணி இருக்கும். கட்டுமாவடியிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியன், ஒரு பெண்மணி. போனில் இரண்டு முறை பேசியிருக்கிறேன், முகம் தெரியாது.

"சார், புதுசை ஏத்துனதும் தொறக்கவே மாட்டேங்குது. பழசும் போயிருச்சு. இங்க ஒரு பிரசவக் கேஸு, ரத்தப்போக்கு நிக்கல. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும், டாக்டர் ரிப்போர்ட் கேக்குறாங்க."

திரையில் என்ன வருகிறது என்று கேட்டேன். எழுத்து எழுத்தாக வாசித்தார். அவர் முடிப்பதற்குள்ளேயே புரிந்துவிட்டது. அச்சடிக்கும் லைப்ரரியை நான் சேர்க்கவே இல்லை. பழைய பதிப்பை அழித்துவிட்டுத்தான் புதியது ஏறும். அந்தப் புத்திசாலித்தனமும் என்னுடையதே. உடனே அனுப்பலாம் என்றால் அங்கே காலையிலிருந்து நெட் இல்லையாம்; புதியதையும் முந்தின ராத்திரியே இறக்கி வைத்திருந்தாராம். நான் என்னென்னவோ உளறினேன்.

நானாக இருந்தால் அந்த இடத்தில் கத்தித் தீர்த்திருப்பேன். அவர் குரல் உயரவே இல்லை. "பதறாதீங்க சார். மிஷின்ல நம்பர் வருதுல்ல, அது போதும். நான் கையால எழுதிக் குடுத்துர்றேன். நீங்க ஒங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அவசரமாகக் கும்பிட்டுவிட்டுப் பூஜைக் கம்ப்யூட்டரை எடுத்து ஓட்டினேன். பொட்டு வைத்த திரையில் அதே பிழைச் செய்தி. விட்டதைச் சேர்த்து, மறுபடி கட்டி, அதில் ஓடுவதைப் பார்த்த பிறகு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பைக்கை எடுத்தேன். அறந்தாங்கி தாண்டிப் போகும் வழியெல்லாம், அந்தத் தாய்க்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

லேப்பில் அவர் என்னைப் பார்த்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பிறகு ரிப்போர்ட்டின் கார்பன் நகலைக் காட்டினார். ரத்த வகை, ஹீமோகுளோபின், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவு, எல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல். ரத்த வகையை இரண்டு முறை சோதித்து வட்டம் போட்டிருந்தார். பத்தே நிமிடத்தில் ஆம்புலன்ஸைக் கிளப்பிவிட்டு, போய்ச் சேர்வதற்குள் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லி புதுக்கோட்டைக்குப் போனும் செய்துவிட்டாராம். குனிந்துகொண்டு சாஃப்ட்வேரை ஏற்றினேன்.

மதியம் அவருடைய போன் அடித்தது. பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆத்தாளும் பிள்ளையும் நல்லா இருக்காங்களாம் சார். பொம்பளப் புள்ள." எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படவும் இல்லை.

சற்று நேரத்தில், விஷயம் எப்படியோ காதுக்குப் போய், எங்கள் முதலாளி அந்த டெக்னீஷியனைப் போனில் கூப்பிட்டு என்ன பிரச்சினை என்று விசாரித்தார். என் பிழைப்பு அந்தப் பெண்மணியின் நாக்கில் இருந்தது. "ஒங்க ஆளு நேர்லயே வந்து சரி பண்ணிட்டாருங்க" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே முதலாளியிடம் உண்மையை நானே சொன்னேன். அவர் திட்டியதும் நியாயம்தான்.

இப்போதெல்லாம் எந்தப் பண்டிகையாக இருந்தாலும், வெறும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை. ஆனால் இந்த ஜாக்கிரதை அன்றைக்கு என்னிடம் இல்லை. நான் கோட்டைவிட்டதைக் கடிந்து ஒரு சொல் சொல்லாமல் தன் பேனாவால் ஈடுகட்டிய ஒரு பெண்மணி அங்கே இருந்தார், அதனால்தான் எங்கோ ஒரு வீட்டில் இன்று மூன்று வயதுக் குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருக்கிறது.