என் கைராசி தின்ற விளம்பரம்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறோம். போனில் பலகாரம் என்று தேடினால் எங்கள் பெயர் முதலில் வரும்படி மருமகள் சுகந்தி காசு கட்டி விளம்பரம் போட்டாள். என் கைராசியில் எனக்குப் பெருமை. காலையில் விளக்கேற்றியதும் போனில் அந்த விளம்பரத்தை நான்தான் முதலில் அழுத்துவேன். வருகிறவர்களின் போனிலும் அழுத்த வைப்பேன்.

ஆனால் பலகாரம் கேட்டு ஓடர் வரவில்லை. "உன்ர விளம்பரம் ஒண்டுக்கும் உதவாது" என்று விருந்தினர் முன்னால் அவளை ஏசினேன்.

சுகந்தி போனில் கணக்கைப் பார்த்தாள். "மாமி, ஒவ்வொருக்கா விளம்பரத்தை அமத்தேக்கையும் எங்கட காசு போகும். ஆரோ சும்மா அமத்தி கட்டின காசை முடிக்கினம். பிறகு வாங்கிற சனத்துக்கு விளம்பரம் தெரியாது."

"அமத்தினது நான்தான், பிள்ளை."

"நல்ல கைராசி, மாமி!" என்று சிரித்தாள். நான் குசினிக்குள், அடுப்படியில் வைத்து அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது விளம்பரத்தைத் தொடுவதில்லை. ஓடர் தருபவர்களிடம் என்ன சொல்லித் தேடினார்கள் என்று கேட்டுச் சுகந்தியிடம் சொல்கிறேன். அந்தச் சொற்களை அவள் விளம்பரத்தில் சேர்க்கிறாள். ஏசியது நாலு பேர் முன்னால் என்பதால் மன்னிப்பையும் இங்கே எழுதி எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.