மச்சானுக்குப் போட்ட வாய்க்கரிசி

மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாம் வருடம் நடந்தது இது. ஈப்போவிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் தூரத்தில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார துரை ஓடிப்போய்விட்டார், பால்வெட்டும் நின்றுவிட்டது. மரவள்ளி நட்டு வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்த எங்கள் லயத்து வீடுகளுக்குள் காலரா புகுந்தது.

யாராவது வாந்தி எடுத்தால் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவோம். ஆளைப் புகைவீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம். முன்பு ரப்பர் ஷீட் உலர்த்திய அந்தக் கட்டடத்தில்தான் நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே தூக்கிப் போவதும், செத்தவரைக் குழிக்குக் கொண்டு போவதும் எனக்கும் இன்னொருவனுக்கும் கங்காணி கொடுத்த வேலை. உறவினர்கள் குழியருகே வரக்கூடாது என்பதால் வாய்க்கரிசியும் நானே போடுவேன். அரிசி கண்ணில் படாத காலம். ஒரு பிடியை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு ஆளுக்கு நாலு மணி போடுவேன்.

ஒரு காலையில் என் மனைவியின் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையாலேயே வேப்பிலை கட்டினேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

புகைவீட்டில், தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரசர் அவனுடைய வலது அடிவயிற்றை அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். மச்சான் அலறிவிட்டான்.

"பேதி போச்சா?"

"இல்லீங்க. ரெண்டு நாளா வெளிக்கே போகல."

"இது காலரா இல்லலா. குடல்வால் வீங்கிக் கெடக்கு. ஈப்போவுல அறுத்து எடுக்கணும்," என்றார் என்னிடம்.

ஈப்போ எங்கே, நாங்கள் எங்கே! நோய் கண்ட தோட்டத்திலிருந்து ஈ, காக்கை கூட வெளியே போக முடியாதபடி சாலையில் ஜப்பான் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். வேப்பிலை கட்டிய ஆளை லயத்திலும் இனிச் சேர்க்க மாட்டார்கள். டிரசர் அவனைச் சாய்ந்தாற்போல் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் இருக்க இடுப்பில் கட்டும் சாரம் ஒன்றால் தூணோடு கட்டினார்.

"வாயில ஒண்ணும் போடாத. தண்ணியும் கூடாது, ஒதட்ட மட்டும் நனைச்சுக்க. கொடல் சும்மா கெடந்தா தானா அடங்கும், பாப்போம்."

மறுநாள் உச்சிவெயிலில் போனோம். டிரசர் வாசற்படியிலேயே செத்துக் கிடந்தார்; ஒரே ராத்திரியில் காலரா அவரை முடித்திருந்தது. அன்று உள்ளே மச்சானைத் தவிர வேறு நோயாளி இல்லை; ஒரு முனகல்கூட இல்லை. மச்சான் தலை தொங்கி, தூணோடு கட்டியபடியே இருந்தான். கண் பாதி திறந்திருந்தது. உதட்டில் ஈ உட்கார்ந்திருந்தது.

"ஒங்க மச்சானும் போயிட்டாருண்ணே," என்றான் கூட வந்தவன்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தொடுவதற்குப் பயம். முதல் நடையில் டிரசரைக் குழியில் இறக்கி அரிசி போட்டோம். அடுத்த நடையில் மச்சானை அவிழ்த்துச் சாக்கில் சரித்துத் தூக்கினோம். ரப்பர் காட்டில் காற்றே இல்லை. காய்கள் மட்டும் படார் படாரென்று வெடித்தன. யாரோ பின்னாலேயே வருவது போல இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குழியருகே அவன் வாயைத் திறந்து அரிசியைப் போட்டேன். நாக்கு அதை வெளியே தள்ளியது.

கூட வந்தவன் ஓடியே போய்விட்டான். நான் குனிந்து பார்த்தேன். மச்சான் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தான்.

"வாயில ஒண்ணும் போடாதீங்க மச்சான். டிரசர் ஏசுவாரு."

அந்த டிரசர் மூன்றடி தள்ளி, நான் போட்ட அரிசியை வாயில் வைத்துக்கொண்டு குழிக்குள் கிடந்தார்.

மச்சானை முதுகில் சுமந்து மரவள்ளிக் காட்டுக் காவல் குடிசைக்குக் கொண்டு போனேன். டிரசர் சொன்னபடியே சாய்த்து உட்காரவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் துணியை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தேன். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி, கஞ்சித்தண்ணி கேட்டான். சண்டை முடிந்த பிறகு ஈப்போவில் அறுத்து எடுத்தார்கள். பேரன் பேத்தி பார்த்துவிட்டான். "எனக்கு நாலே மணி அரிசிதானா மச்சான்?" என்று இன்றும் கிண்டல் செய்வான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால், அன்று தூணிலிருந்து அவிழ்க்கும்போது நான் அவனை ஒரு தடவைகூடக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை; அவனுக்கு முன்னால் குழியில் இறக்கியவர்களையும் நான் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்ததே இல்லை என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.