மூச்சு விட்டவன் சொல்ல வேண்டும்

நாற்பதுகளின் தொடக்கத்தில் கீரனூர் வட்டாரத்தில் சடுகுடு என்றாலே எங்கள் ஊர்ப் பெயர் அடிபடும். ஆட்டத்தால் அல்ல, அடிதடியால். பாடிப் போகிறவன் எதிர்ப்பக்கத்தில் மூச்சு விட்டானா இல்லையா என்பதில்தான் சண்டை தொடங்கும். "விட்டான்" என்பார்கள் அவர்கள். "விடவில்லை" என்போம் நாங்கள். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டியதுதான். நாளாக ஆக எந்த ஊர்க்காரர்களும் எங்கள் களத்துக்கு வருவதில்லை என்றாகிவிட்டது. எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடி அலுத்துப்போனோம்.

எங்களைப் பழக்கியவர் பள்ளிக்கூட டிரில் வாத்தியார். எங்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். கீரனூர் அணி பெரிய மனது பண்ணி, தங்கள் ஊரில் ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்டபோது, எங்களைக் கண்மாய்க்கரையில் உட்காரவைத்தார்.

"இங்கயும் கைகலப்பு ஆச்சுன்னா, இனிமே நம்மளோட எவனும் ஆடமாட்டான்டா," என்றார்.

அங்கேயே பேசி முடிவெடுத்தோம். மூச்சு விட்டால், யாரும் கேட்காவிட்டாலும், பாடினவனே சொல்லிவிட வேண்டும். கெட்ட வார்த்தை பேசியவன் ஆட்டம் முடியும்வரை களத்தைவிட்டு வெளியே போய் நாங்கள் வந்த மாட்டுவண்டியருகே நிற்க வேண்டும்.

அணித்தலைவன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், இது ஒங்களுக்கும் சேத்துத்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும் தனிச் சட்டமாடா? சேத்துத்தான்."

கீரனூரில் ஆட்டம் சரிக்குச் சரியாகப் போனது. நடுவே எங்கள் ஆள் தொட்டதை நடுவர் கவனிக்கவில்லை. அவ்வளவுதான், வாத்தியார் துள்ளி எழுந்து நடுவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டார். நாங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தோம். அவர் முகம் சுண்டிப்போனது. நடுவரைக் கும்பிட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தார். அன்று அவர்மேல் வந்த மதிப்பு எனக்கு அதற்குமுன் வந்ததே இல்லை.

கடைசியாகப் பாடிப்போன ஆள் என் சித்தப்பா மகன். எங்கள் அணியில் அவன்தான் கெட்டிக்காரன். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது அத்தனை பேரும் அவனை அமுக்கினார்கள். எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டான். நடுவர் எங்கள் பக்கம் கை காட்டினார். ஜெயித்துவிட்டோமென்று நான் குதித்தேன்.

அவனோ மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "இல்லீங்க, கோட்டத் தொடுறதுக்கு முன்னாடியே மூச்சு விட்டுட்டேன்."

பாவிப்பயல், அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்டிருக்கப் போகிறது! வாய்விட்டுத் திட்டத்தான் நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் வாத்தியாருக்குத் துணையாக மாட்டோடு நின்றிருக்க வேண்டும்.

தோற்றுப்போய் முகம் கழுவிக்கொண்டிருந்தோம். கீரனூர் அணித்தலைவர் எங்களை நோக்கி வந்தார். என்ன வம்போ என்று நிமிர்ந்தேன்.

"அடுத்த ஆட்டத்த ஒங்க ஊருல வச்சுக்கிருவோமா? நாங்க வாரோம்," என்றார்.

ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.