வளைகுடாவிலிருந்து வந்த ஏர் ஃபில்டர்

எண்பதுகளின் நடுவில் நான் சங்கரன்கோவிலில் கால்நடை ஆய்வாளராக இருந்தேன். சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய் மாடுகளுக்கு ஊசி போடுவது, சினை பார்ப்பது என்று நாள் முழுக்க அலைச்சல். அதற்காகவே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தேன். ஜப்பான்காரன் கூட்டில் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த ரகம். நல்ல வண்டிதான். ஆனால் எங்கள் கரிசல் காட்டுத் தூசி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காற்றை வடிகட்டுகிற ஏர் ஃபில்டர், மடித்து வைத்த காகிதத்தால் ஆனது, அடிக்கடி அடைத்துக்கொள்ளும். புதிது வேண்டுமென்றால் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். போனால் கடைக்காரர், ‘ஸ்டாக் இல்லையே, அடுத்த வாரம் வாங்க’ என்பார். அடுத்த வாரமும் அதையே சொல்வார்.

இதை நான் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன். கடையநல்லூர் நண்பனுக்கு எழுதும்போதும் புலம்பியிருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். அவன் சவூதியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தான். விடுமுறையில் வந்தவன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

“பிரிச்சுப் பாரு மக்கா.”

கூம்பு வடிவத்தில் ஒரு ஃபில்டர். வெளியே கம்பி வலை, உள்ளே சிவப்பு ஸ்பாஞ்சு, தலையில் வெள்ளிபோல மின்னும் மூடி. கார்புரேட்டரின் வாயில் நேராகச் செருகிக் கிளாம்பு போட்டு இறுக்க வேண்டியதுதானாம். அழுக்கானால் பெட்ரோலில் அலசிக் காயவைத்துத் திரும்ப மாட்டலாமாம்.

“இனிமே திருநெல்வேலிக்கு அலைய வேண்டாம். நீதானடே தூசி தூசின்னு எழுதுன,” என்றான்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கே இருவரும் மெக்கானிக்கிடம் போனோம். மெக்கானிக் வெளிநாட்டுச் சாமானைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மூக்கருகே வைத்து மோந்தே பார்த்தார்.

பழைய ஃபில்டர் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டியை வெளியே எடுத்தால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும். பெட்டியோ வண்டிச் சட்டத்துக்கும் பேட்டரிக்கும் நடுவே இறுகிக் கிடந்தது.

“அறுத்து எடுத்துருவோமா சார்?” என்றார் மெக்கானிக்.

“அறுங்க அண்ணாச்சி, இனி அது எதுக்கு?” என்றான் நண்பன்.

நான் விடவில்லை. பேட்டரியைக் கழற்றி, பின் சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டைத் தளர்த்தி, அந்தப் பெட்டியை உருவி எடுப்பதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. நண்பன் முகம் வாடிப் போய் நின்றான். அவனை நம்பாததுபோல அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஃபில்டரை மாட்டினால் அதன் வாய் பெரிதாக இருந்தது. கார்புரேட்டர் அதற்குள் லொடலொட என்று ஆடியது. மெக்கானிக் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். ஒரு சுற்று போதவில்லை. இரண்டாவது சுற்றில் உள்ளே ஏற மறுத்தது. சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றிக் கிளாம்பை முறுக்கியதும் டியூப் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. திரும்பவும் கழற்றல், திரும்பவும் சுற்றல். கடைசியில் ஒருவழியாக நின்றது. ஆனால் கூம்பின் மூடி வெளியே துருத்திக்கொண்டு நின்றதால் வண்டியின் பக்கவாட்டு மூடி பொருந்தவில்லை. அதைச் சணல் கயிற்றால் கட்டிவிட்டார்.

வண்டியை உதைத்தேன். உடனே பிடித்தது. ‘உர்ர்’ என்று காற்றை இழுக்கும் சத்தம் தெருவுக்கே கேட்டது.

“கேட்டியா? எப்பிடி மூச்சு விடுது பாரு,” என்றான் நண்பன். அவன் முகம் திரும்ப மலர்ந்திருந்தது.

தெருமுனை தாண்டி வேகமெடுக்க முறுக்கினேன். வண்டி ‘பக் பக்’ என்று இருமிவிட்டு நின்றது.

அன்றிலிருந்து என் கஷ்டகாலம் தொடங்கியது. மெதுவாகப் போனால் ஓடும்; முறுக்கினால் இருமும். சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் கொஞ்சம் அடங்கும். அப்படியே ஒரு கை சோக்கிலும் ஒரு கை ஆக்சிலேட்டரிலுமாக ஊர் ஊராகப் போனேன். காற்று அதிகமாகப் போகிறது, அதற்கேற்ற பெட்ரோல் போகவில்லை என்பது மட்டும் எனக்கே புரிந்தது. பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்திருந்தது. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு திருகைத் திருகிவிட்டு, “ஓட ஓட செட் ஆயிரும் சார்,” என்பார். போன தடவை வலப்பக்கம் திருகியதை இந்தத் தடவை இடப்பக்கம் திருகுவார்.

மாடுகள் என்னைக் கண்டால் மிரள ஆரம்பித்தன. வண்டிச் சத்தம் கேட்டதும் தும்புக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பிடித்துக் கட்டுவதற்கே பாதி நேரம் போயிற்று.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இருவரும் போகும்போது கோயில் வாசலிலேயே வண்டி இருமி நின்றது. உள்ளே முதல் பாட்டு தொடங்கிவிட்டிருந்தது.

“பழையதையே மாட்டித் தொலைங்களேன்,” என்றாள் இறங்கிக்கொண்டே.

“அவன் லீவு முடிஞ்சு போற வரைக்குமாவது இருக்கட்டும். மனசு கஷ்டப்படுவான்.”

“அவிய மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீங்க தினம் தள்ளிட்டு வாரிய. நல்லாத்தான் இருக்கு.”

நண்பனோ ரெண்டு நாளைக்கு ஒருமுறை வந்து கேட்பான். “எப்பிடி இருக்கு மக்கா?”

“பரவாயில்லடே,” என்பேன். வேறு என்ன சொல்வது? பாலைவனத்திலிருந்து எனக்காகச் சுமந்து வந்திருக்கிறான்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் ராயகிரிப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. காலையிலிருந்து மாடு முக்குகிறது, கன்று வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். புளியங்குடி தாண்டும் வரை சோக்கைப் பிடித்துக்கொண்டே சமாளித்தேன். தார் ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பக்கவாட்டு மூடிதான் பொருந்தவில்லையே. சக்கரம் வாரியடித்த தண்ணீர் எல்லாம் அந்த ஸ்பாஞ்சில் ஏறியது. வண்டி ஒருமுறை விக்கியது, அதோடு சரி.

ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்தேன். குழம்பு மாதிரி சேறு வடிந்தது. மாட்டி உதைத்தேன். பிடிக்கவில்லை. ஃபில்டரே இல்லாமல் உதைத்தேன். அப்போதும் பிடிக்கவில்லை. டியூப் துண்டு கைநழுவிச் சேற்றில் விழுந்து எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த மழையில் நின்று நான் அழாத குறை. வண்டியைத் தள்ளினேன். சேறு சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுற்ற விடவில்லை. குச்சியை வைத்து நோண்டி நோண்டித் தள்ளினேன். அங்கே ஒரு மாடு உயிருக்குப் போராடுகிறது, இங்கே நான் குச்சியால் மண் நோண்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க நெஞ்சு காந்தியது.

ஊர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தொழுவத்தில் கன்று எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

“பக்கத்து வீட்டு அண்ணாச்சி கயிறு போட்டு இழுத்துட்டாவ,” என்றாள் அந்த வீட்டுக்காரி. “மழையில நீங்க வர மாட்டியன்னு நெனச்சுட்டோம்.”

நஞ்சுக்கொடி விழுந்ததா என்று கேட்டபடியே மாட்டின் அருகே போனேன்.

“அதெல்லாம் விழுந்துட்டு. நீங்க மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க. கன்னுக்குட்டியத் தொட்டுராதிய,” என்றாள்.

என் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை ஆயிலும் சேறுமாக இருந்தது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. கன்று பிழைத்ததில் நிம்மதிதான். ஆனால் அந்த நிம்மதியைக்கூட எரிச்சல் மூடிக்கொண்டது. வண்டியை அந்தத் தொழுவத்திலேயே போட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பினேன்.

மறுநாள் வேன் பிடித்து வண்டியைக் கொண்டுவந்து மெக்கானிக்கிடம் விட்டேன்.

“மேல ஒரு பாலிதீன் கவரைக் கட்டிருவோம் சார். தண்ணி ஏறாது.”

“பெறகு காத்து எங்க வழியாப் போகும்?”

அவர் யோசித்தார். “அதுவும் சரிதான்.”

பழைய பெட்டியை மாட்டச் சொன்னேன். காகித ஃபில்டரைத் தட்டி ஊதிச் சுத்தம் பண்ணி வைத்தோம். வண்டி ஒரே உதையில் பிடித்தது.

நண்பன் கிளம்பும் நாளில் வழியனுப்பக் கடையநல்லூருக்கு வண்டியிலேயே போனேன். அவன் வாசலுக்கு வந்தான். சத்தத்தைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டான்.

“எடுத்துட்டியோ?”

மழையையும் மாட்டையும் சொன்னேன்.

“மொத நாளே சொல்லியிருக்கலாம்லா? கேக்கும்போதெல்லாம் பரவாயில்லன்னு சொன்னியே.”

“நீ வருத்தப்படுவேன்னுதான்.”

“இப்ப மட்டும் சிரிக்கேனா?” என்றவன், “கடையில நின்னு, ஒன் வண்டி வாய் எம்புட்டு இருக்கும்னு பெருவெரல வச்சு அளந்து வாங்குனேன். கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற ஜெட்டையும் சேத்து மாத்தணுமாம். அங்கன இருக்கு. இன்ஷா அல்லாஹ் அடுத்த லீவுல கொண்டாரேன்,” என்றான்.

“வேண்டாம்டே. என்ன விட்டுரு.”

சொன்ன விதம் கடுமையாகிவிட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ் ஸ்டாண்டுக்கு அவன் அண்ணன்மாருடன் நானும் நடந்தேன். விமானம் பிடிக்கத் திருவனந்தபுரம் போக அவன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். பஸ் நகரும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டி, “ஜெட்டு மட்டும்தான் மக்கா. ஜெட்டு ஒண்ண மாத்திட்டா பறக்கும்,” என்று கத்தினான்.

கையைக் காட்டினேன். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டானோ, வேண்டாம் என்று எடுத்துக்கொண்டானோ தெரியாது. வீடு வரைக்கும் வண்டி ஒரு இருமல் இல்லாமல் ஓடியது. நான்தான் வழியெல்லாம் மனசுக்குள் அவனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன்.