மைக்குக்கு மரியாதை

அன்றைக்குப் பெரம்பலூர் வக்கீல் ஆபீசில் இருந்தவர்கள் – வக்கீல் சார், அவருடைய குமாஸ்தா, நான், என் மனைவி செல்லம்மா. அவ்வளவுதான். மேஜை மேல் இருந்த டேப் ரெக்கார்டரை ஆள் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. ஆனால் எங்களைவிட அதற்குத்தான் வக்கீல் அதிக மரியாதை கொடுத்தார்.

விஷயம் இதுதான். வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் கடலைக் காட்டுக்குப் போகிற வண்டிப்பாதை, முத்துசாமி மாமா காட்டு ஓரமாகப் போகிறது. இந்த வருஷம் முள்ளை வெட்டிப் போட்டு அதை அடைத்துவிட்டார். கடலை பிடுங்குகிற நேரம்! பிடுங்கியதை வண்டியில் ஏற்ற முடியாமல் காட்டிலேயே கிடந்து, மேலே மழையும் பெய்தால்? அத்தனையும் முளைத்துவிடும். நானோ மேகம் இல்லாமலே மழைக்குப் பயப்படுகிற ஆள்.

"முன்னாடி பாதை இருந்துச்சுன்னு அவரு ஒத்துக்கிறாரா?" என்றார் வக்கீல்.

"தெனமும் ஒத்துக்கிறாருங்க. 'இருந்துச்சு, இப்ப இல்ல, போடா'ங்கிறாரு."

வக்கீல் மேஜையைத் தட்டினார். "அது போதும்! சாட்சிக்கு டீ வாங்கிக் குடுத்துக் கூட்டியாந்த காலமெல்லாம் போச்சு. அவரு வாயால சொல்றத இதுல புடிச்சுட்டு வாங்க. கோர்ட்டுல போட்டுக் காட்டிருவோம்."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். பட்டன்களில் இருந்த இங்கிலீஷைப் பார்த்ததுமே வியர்த்தது. எதையாவது மாற்றி அமுக்கி, வெடித்துவிட்டால்? குமாஸ்தா இரக்கப்பட்டு, குரலைப் பதியச் சேர்த்து அமுக்க வேண்டிய இரண்டு பட்டனிலும் குங்குமம் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள், மஞ்சள் பைக்குள் டேப் ரெக்கார்டர், அதன் மேல் ஒரு கட்டுக் கீரை. மாமா வரப்பில் நின்றிருந்தார்.

"மாமா! இந்த இடத்தில் முன்பு பாதை இருந்ததா, இல்லையா?" – கோர்ட்டுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமே!

"ஏன்டா மாப்ள கத்துற? பக்கத்துலதான நிக்கிறேன். அதென்ன, கீரைக்குள்ள ஏதோ சுத்துது?"

கையை விட்டு எடுத்தேவிட்டார். அடி நிச்சயம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அட... இதுல என் குரலும் வருமா?"

"வ... வரும் மாமா."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். தலையைக் கோதிக்கொண்டார். குரல் பதிய எதற்குத் தலை சீவ வேண்டும்? கேட்கிற தைரியம் எனக்கில்லை. தொண்டையைச் செருமி, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி ஆரம்பித்தார்.

"அனைவருக்கும் வணக்கம். பேசுவது முத்துசாமி. எங்களுக்குள் எவ்விதத் தகராறும் கிடையாது. மாப்பிள்ளை அவர்கள் இப்பாதையில் தாராளமாக வண்டி ஓட்டலாம். நன்றி, வணக்கம்."

போட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்பக் கேட்டார்.

"அப்ப முள்ள எடுத்துரலாமா மாமா?"

"அதெப்புடி? மைக்குன்னா மரியாதையாத்தான் பேசணும். அதுக்காவ பாதைய வுட்டுருவாங்களா? போடா!"

பஸ் பிடித்துப் பெரம்பலூருக்கு ஓடினேன். கேட்டதும் வக்கீல் முகம் வாடிவிட்டது. "தகராறே இல்லைன்னு எதிராளி சொன்னா, நான் எதை வெச்சுய்யா கேசு போடுறது? இன்னொரு தடவை போங்க. இந்தத் தடவை அவரு திட்டணும்!"

மெஷின் வந்தால் வக்கீல் தொழில் எங்கேயோ போய்விடும் என்றார்கள். போன இடம் இதுதான் – எதிராளி மரியாதையாகப் பேசினால் வக்கீலுக்கு நஷ்டம்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் செல்லம்மா, வீட்டுக்கு வந்து நான் சொன்னதைக் கேட்டு. கடலை பிடுங்கிய அன்று மெஷினை வண்டியின் முன்பக்கம் வைத்து, வண்டியை முள்ளுக்கு எதிரே நிறுத்தி, பட்டனை அமுக்கினாள். குங்குமம் வைத்த இரண்டையும் சேர்த்து அமுக்கிவிட்டால் பதிந்ததெல்லாம் அழிந்துவிடுமே என்று எனக்கு உயிரே இல்லை.

"அனைவருக்கும் வணக்கம். பேசுவது முத்துசாமி..."

கடலை பிடுங்க வந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். மாமா அரிவாளோடு ஓடி வந்தார். நான் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

"அடேயப்பா! முத்துசாமி அண்ணன் ரேடியோக்காரரு மாதிரியில்ல பேசுறாரு!" என்றாள் ஒருத்தி.

மாமா நின்றார். 'நன்றி, வணக்கம்' வரைக்கும் கேட்டார். பிறகு அரிவாளால் முள்ளை இழுத்து ஓரமாகத் தள்ளினார்.

"சவுண்டைக் கூட்டு மாப்ள. அந்தக் கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

வண்டியின் ஒவ்வொரு நடைக்கும் டேப்பைப் போட வேண்டியிருந்தது. கடைசி நடையில் பேட்டரி தீர்ந்து, மாமாவின் வணக்கம் எருமை கத்துகிற மாதிரி இழுத்தது. அதற்குள் கடலை வீடு வந்து சேர்ந்துவிட்டது.

வக்கீல் சாருக்கு நான் இன்னும் தர வேண்டிய பாக்கி – கேசே இல்லாததால் ஃபீஸ் கிடையாது, பேட்டரிக்கு மட்டும் – எட்டு ரூபாய்.