லெஜண்ட் என்று என்னால் எழுத முடியாது

கோச் சேகர் சார் செத்துப்போனார். காலையில் நெஞ்சு வலி என்றாராம்... மதியம் எர்ணாவூரில் அவர் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி.

எங்கள் சின்ன காலேஜின் பெண்கள் ஃபுட்பால் டீமைக் கப் வாங்க வைத்தவர். லெஜண்ட், அப்பா மாதிரி என்று எல்லோரும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போடுங்கள். அவருடைய கோல்கீப்பர் நான், எனக்கு அப்படி வரவில்லை.

பந்தை பக்கெட் தண்ணீரில் முக்கி முக்கி அடிப்பார். வழுக்குகிற பந்தைப் பிடித்துப் பழகினால் மழையிலும் கோல் விழாதாம்.

நழுவ விட்டால் கிரவுண்டே கேட்கக் கத்துவார். "புடிக்கத் தெரியலன்னா உங்கம்மா கூட குந்திகினு மீன் வித்துகினு இரு."

என் அம்மா காசிமேட்டில் மீன் விற்றுத்தான் எனக்கு ஷூ வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்குச் சிரித்தவர்கள் சிலர் இதையும் படிப்பீர்கள்.

பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அதை இல்லை என்று சொல்லவில்லை.

ஃபைனல் இயர். ஒரு மேட்ச் முடிந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற டீமின் செலக்டர் மேடம் வந்து, "முட்டி சரியாயிடுச்சாம்மா?" என்றார்.

எனக்கு முட்டியில் ஒன்றுமே இல்லையே, மேடம் என்றேன்.

விஷயம் அப்போதுதான் தெரிந்தது. என்னை ட்ரையல்ஸுக்கு அனுப்பச் சொல்லி சாருக்கு போன் செய்திருக்கிறார்கள். அவளுக்கு முட்டியில் அடி, வர மாட்டாள் என்று இவர் சொல்லிவிட்டார். ஆள் எடுத்தும் முடிந்துவிட்டது.

நேராகப் போய்க் கேட்டேன். விசிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ பூட்டா கோல்ல யாரு நிப்பா? கப்பு வாணாமா? அடுத்த வருசம் பாத்துக்கலாம், போ."

கப் வாங்கினோம். காலேஜ் வாசலில் அவருக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அடுத்த வருஷம் என்னை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது மாத்தூரில் ஒரு குடோனில் ஷிஃப்ட் பார்க்கிறேன்.

இன்றைக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். டிஃபென்ஸ் ஆடிய ரேவதி போன் செய்து, "இன்னா இருந்தாலும் சாவு வூடுடி, வந்து தல காட்டிட்டுப் போ" என்றாள். போனேன்.

சாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்திலிருந்த சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணுதான்... கவுருமென்டு வேல வந்தும், டீமுக்காக வாணாம்னு சொன்ன பொண்ணு. இவளப் பத்தி அவுரு பேசாத நாளே கெடயாது."

கையை மெதுவாக உருவிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போய்ச் சேருங்கள், சார். நான் மன்னிக்கவில்லை.